சக்வாலா முட்டையிடவில்லையா, இட்ட முட்டை பொரிக்கவில்லையா? அறிகுறியைப் பிடித்துப் பின்னோக்கித் தேடுங்கள்

சக்வாலா என்ற பாலைவனப் பல்லியின் வளர்ப்பில் பிழை கண்ணில் படுகிற மாதம் ஒன்று, அது நடந்த மாதம் வேறு. ஜூலையில் கூமுட்டை வந்தால் பலரும் உடனே இன்குபேட்டரைத் திருகுவார்கள். காரணமோ பெரும்பாலும் டிசம்பரில் கிடைக்காத குளிரில் இருக்கும், அல்லது ஏப்ரலில் போதாமல் போன வெப்பத்தில் இருக்கும். அதனால் கீழே உள்ள ஒவ்வொரு அறிகுறிக்கும் அன்றைய நிலையில் தொடங்கிப் பின்னோக்கிப் போகிறோம்.

இங்கே சொல்வது அமெரிக்கத் தென்மேற்கிலும் வடமேற்கு மெக்சிகோவிலும், அதாவது மோஹாவி, சோனோரா பாலைவனங்களின் பாறைக்காடுகளில் வாழும் சாதாரணச் சக்வாலாவுக்கு உரியது. கலிபோர்னியா வளைகுடாத் தீவுகளின் பெரிய இனங்களுக்கும் முறை இதுவேதான். மண்ணின் ஆழமும் கூண்டின் அளவும் மட்டும் கூடும். அவற்றில் சான் எஸ்டெபான் தீவின் புள்ளிச் சக்வாலா, அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் உள்ளது. உரிய ஆவணம் இல்லாமல் அதை வாங்கவோ விற்கவோ கூடாது.

தேடலைத் தொடங்கும் முன் நான்கு கருவிகள் கையில் இருக்கட்டும்: கல்லின் மேற்பரப்பு வெப்பத்தைக் காட்டும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர், மண்ணுக்குள் செருகும் புரோப் தெர்மாமீட்டர், ஒரு கிராம் துல்லியம் உள்ள சமையலறைத் தராசு, பென்சில். கூண்டுச் சுவரில் ஒட்டுகிற வட்ட டயல் தெர்மாமீட்டரை நம்பி எந்த முடிவும் எடுக்காதீர்கள்.

ஆணும் பெண்ணும் ஒன்றையொன்று கண்டுகொள்ளவே இல்லை

இரண்டில் ஒன்று உண்மையில் பெண்தானா என்று முதலில் பாருங்கள். வளர்ந்த ஆணுக்குத் தலை அகலம், வால் அடி தடிப்பு, தொடையின் உட்புறத் துளைகள் பெரிதாகி மெழுகு தள்ளியிருக்கும். இளம் ஆணிடம் இவை எதுவும் தெளிவாகத் தெரியாது; குட்டிக்கால வரிகள்கூட உடம்பில் இருக்கும். பெண் என்று வாங்கியது இரண்டாம் ஆண்டில் ஆணாக வெளிப்படுவது இந்த வளர்ப்பில் சகஜம். கூண்டுப் பராமரிப்பில் பெரும்பாலும் இரண்டு முதல் மூன்று வயதில்தான் இனச்சேர்க்கைக்குத் தயாராகும். அதற்கு முன் எதிர்பார்ப்பது வீண்.

பாலினமும் வயதும் சரி என்றால் குளிர்காலத்தைப் பாருங்கள். ஆண்டு முழுவதும் ஒரே வெப்பத்தில், ஒரே ஒளியில் வைத்த ஜோடி நன்றாகத் தின்னும், கொழுக்கும், இணைசேராது. காட்டில் இவை நவம்பர் வாக்கில் பாறை இடுக்கில் ஒடுங்கி, பிப்ரவரிக் கடைசியிலோ மார்ச்சிலோ வெளியே வரும். அந்தக் குளிர் உறக்கத்தை நீங்கள்தான் அமைத்துத் தர வேண்டும்.

அக்டோபர் கடைசியில் உணவை நிறுத்துங்கள். ஆனால் விளக்கை நிறுத்தாதீர்கள். இரண்டு வாரம் வெயில் காய விட்டால்தான் குடல் காலியாகும். செரிக்காத இலை வயிற்றில் இருக்கக் குளிர்வித்தால் அது உள்ளேயே அழுகும். குளிர் உறக்கத்தில் சாகிற பல்லிகளில் பல இப்படித்தான் சாகின்றன. அதன்பின் வாரத்துக்கு ஒன்றரை மணி நேரமாக ஒளியைக் குறைத்து, வெப்பத்தை 10 முதல் 15 டிகிரி செல்சியஸுக்குக் கொண்டு வாருங்கள். எட்டு முதல் பன்னிரண்டு வாரம் அப்படியே இருக்கட்டும். ஆழமில்லாத தட்டில் தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை எடை போடுங்கள். தொடக்க எடையில் பத்து சதவீதத்துக்கு மேல் இறங்கினால் அந்தப் பல்லிக்கு உறக்கத்தை முடித்துவிடுங்கள். மெலிந்ததையும், மலத்தில் ஒட்டுண்ணி கண்டதையும், அண்மையில் மருந்து சாப்பிட்டதையும் குளிர்விக்கவே கூடாது.

எழுப்பும்போது நான்கைந்து நாளில் முழு வெப்பத்துக்குத் திரும்பலாம். இங்கேதான் அடுத்த தவறு நடக்கும். 38 டிகிரி போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. பகலில் சக்வாலாவின் உடல் வெப்பமே 37, 38 டிகிரியை ஒட்டி நிற்கும். அதை எட்ட வேண்டுமானால் வெயில் காயும் கல்லின் மேற்பரப்பு 48 முதல் 55 வரை இருக்க வேண்டும். கூண்டின் மறுமுனை 27, 28-இல் நிற்கட்டும். ஒளி 13, 14 மணி நேரம். டி5 வகை யுவிபி குழாயை (புற ஊதாக் கதிர் தரும் குழல்விளக்கை) கல்லின் மேல் யுவி குறியீடு 4 முதல் 6 கிடைக்கும் உயரத்தில் மாட்டுங்கள். இவை சரியாக இருந்தால் எழுந்த நான்கு முதல் எட்டு வாரத்தில் ஆண் தலையாட்டத் தொடங்கும்.

ஆண் துரத்திக் கடிக்கிறது

தலையாட்டுவது, முன்னங்கால் ஊன்றி எழுந்து தாழ்வது, பெண்ணைச் சுற்றிவருவது, நாக்கால் தொட்டுப் பார்ப்பது, கழுத்துத் தோலைக் கவ்வுவது எல்லாம் இயல்பு. கழுத்தில் லேசான பல்தடம் இருந்தாலும் பதற வேண்டாம். இரத்தம் வந்தால், வாலிலோ காலிலோ கடி விழுந்தால், பெண் இடுக்கை விட்டு வெளியே வந்து வெயில் காயாமலே இருந்தால் பிரித்துவிடுங்கள். ஒரு ஜோடிக்கு 180 செ.மீ. நீளமும் 90 செ.மீ. அகலமும் குறைந்தபட்சம். ஒன்றையொன்று பார்க்க முடியாதபடி இரண்டு வெயில் காயும் இடங்கள் வேண்டும். ஒரே கூண்டில் இரண்டு ஆண் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஓர் ஆணும் இரண்டு பெண்ணும் என்றால் ஆணின் தொல்லை பங்கிடப்படும்.

வயிறு பெருத்திருக்கிறது, சினையா, கொழுப்பா?

கொழுத்த சக்வாலாவுக்கு வால் அடியும் கை இடுக்குகளும் சேர்ந்து தடிக்கும். சினைப் பெட்டைக்கு வயிறு மட்டும் இரு பக்கமும் மேடு மேடாகப் புடைத்து, இடுப்பெலும்பும் முதுகுத்தண்டும் மெல்லத் தெரியத் தொடங்கும். இந்த இனத்துக்கு இயல்பிலேயே பக்கவாட்டில் தோல் மடிப்பு தொங்கும். அதை மெலிவு என்று எண்ணிவிடாதீர்கள். உள்ளங்கையில் ஏந்தி, விரல் நுனியால் அழுத்தாமல் வருடினால் கோலிகுண்டுகள் வரிசையாக நிற்பது போலத் தட்டுப்படும். சந்தேகம் இருந்தால் எக்ஸ்ரே எடுங்கள், வயிற்றைப் பிசைய வேண்டாம். பயந்த சக்வாலா காற்றை இழுத்து உடம்பை ஊதிக்கொள்ளும். பாறை இடுக்கில் தன்னை ஆப்பு வைத்துக்கொள்ளும் அதே தந்திரம்தான். அப்போது தொட்டுப் பார்ப்பதில் எதுவும் தெரியாது.

இணைசேர்ந்த நாளிலிருந்து முட்டையிட நான்கு முதல் எட்டு வாரம் ஆகலாம். சினை உறுதியானதும் ஒவ்வொரு வேளை இலையிலும் கால்சியம் கார்பனேட் தூளைத் தூவுங்கள். கடைசி ஒன்றிரண்டு வாரம் அது தின்பதைக் குறைக்கும். கண் தெளிவாகவும் நடை சுறுசுறுப்பாகவும் இருக்கும்வரை அது நோயல்ல.

நாள்கணக்கில் தோண்டுகிறது, மூடுகிறது, முட்டை மட்டும் வரவில்லை

இந்த வளர்ப்பில் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். பதில் பெரும்பாலும் பெட்டையிடம் இல்லை, மண்ணில் இருக்கிறது. அது சோதனைக் குழி தோண்டி மண்ணை அளந்து பார்க்கிறது. ஈரம், வெப்பம், ஆழம், உறுதி, மறைவு ஆகிய ஐந்தில் எது குறைந்தாலும் கைவிட்டு அடுத்த மூலைக்குப் போகும். இந்த அலைச்சலில் சேமித்த சக்தி கரைந்து, கடைசியில் முட்டையை உள்ளேயே தேக்கிக்கொள்ளும். இரண்டு மூன்று நாள் தோண்டுவது இயல்பு. ஐந்தாம் நாளும் தொடர்ந்தால் கீழே உள்ளவற்றை ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள்.

குழி தோண்டத் தோண்டச் சரிகிறதா? வெறும் மணல் என்றால் சரியத்தான் செய்யும். கழுவிய மணல் மூன்று பங்கு, உரம் கலக்காத தோட்டமண் இரண்டு பங்கு கலந்து தண்ணீர் தெளித்துப் பிசையுங்கள். ஒரு பிடி எடுத்து இறுக்கினால் உருண்டையாக நிற்க வேண்டும். விரலிடுக்கில் தண்ணீர் வரக்கூடாது. உருண்டையை விரலால் தட்டினால் இரண்டாக உடைய வேண்டும். உடையாமல் அப்பிக்கொண்டால் களிமண் அதிகம்.

ஆழம் போதுமா? 60 செ.மீ. நீளமும் 45 செ.மீ. அகலமும் உள்ள முட்டையிடும் தொட்டியில் மண் 35 முதல் 40 செ.மீ. நிரம்ப வேண்டும். தீவு இனங்களுக்கு 50 செ.மீ.க்கு மேல் வேண்டும். நகம் தொட்டியின் அடியைப் பிறாண்டுகிற சத்தம் கேட்டால் ஆழம் போதவில்லை என்று பொருள்.

அடியில் எத்தனை டிகிரி? புரோப்பை முழு ஆழத்துக்குச் செருகிப் பாருங்கள்; 28 முதல் 31 வரை வேண்டும். மேல்மண் 40 காட்ட, அடிமண் 23-இல் கிடப்பது அடிக்கடி நடக்கும். அதற்காகத் தொட்டிக்கு அடியில் ஹீட் மேட் (சூடேற்றும் விரிப்பு) வைத்துவிடாதீர்கள். அடிமண் காய்ந்து, பெட்டை தோண்டிப் போகிற இடமே சுடும். தொட்டியின் ஒரு பக்கச் சுவரில் மேட்டை ஒட்டித் தெர்மோஸ்டாட்டில் இணையுங்கள், அல்லது மேலே விளக்கு போட்டு மண் முழுதும் சூடேற மூன்று நான்கு நாள் விடுங்கள். ஈரமண் மெதுவாகத்தான் சூடேறும். அதனால் முட்டையிடும் நாளுக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே தொட்டியை வைத்துவிடுங்கள்.

வாசல் இருக்கிறதா? வெட்டவெளி மண்ணை விட, கல்லின் அடியிலிருந்து சாய்வாக இறங்கும் பொந்தை அது விரும்பும். ஒரு தட்டைக்கல்லை வைத்து, அதன் கீழ் கையளவு பொந்தை நீங்களே தோண்டித் தொடங்கி வையுங்கள். கல் மண்ணின் மேல் உட்காரக் கூடாது. தொட்டியின் அடியில் நிற்கும் செங்கல் தூண்களின் மேல் உட்கார வேண்டும். இல்லையென்றால் அடிமண் போனதும் கல் இறங்கிப் பெட்டையை நசுக்கிவிடும்.

யாராவது தொல்லை தருகிறார்களா? ஆணைப் பிரித்துவிடுங்கள். மற்றொரு பெண் இருந்தால் அதையும் பிரியுங்கள்; பின்னால் வருவது முன்னால் இட்டதைத் தோண்டி எறியும். மணிக்கொரு தரம் மூடியைத் திறந்து பார்க்கும் வளர்ப்பாளரும் தொல்லைக் கணக்கில்தான் வருவார். தொட்டியின் பாதியை அட்டையால் மூடிவிட்டுத் தள்ளி நில்லுங்கள்.

முட்டைகள் கல்லின் மேலோ தரையிலோ சிதறிக் கிடக்கின்றன

மேலே சொன்ன ஐந்தில் ஏதோ ஒன்று இல்லாமல் அது கைவிட்டுவிட்டது. வெப்பக் கல்லில் அரைமணி கிடந்த முட்டை அநேகமாகப் போய்விட்டது. நிழலில் கிடந்து சுருங்கியதை எடுத்து இன்குபேட்டரில் வையுங்கள், சில தேறும். வயிற்றில் இன்னும் முட்டை இருக்கிறதா என்று அன்றே எக்ஸ்ரேயில் பார்த்துவிடுங்கள்.

முக்குகிறது, சோர்கிறது

தோண்டுவதை நிறுத்திவிட்டு, கண் குழிந்து, பின்காலை இழுத்துப் படுத்து முக்கினால் வீட்டு வைத்தியத்துக்கு நேரமில்லை. ஒன்றிரண்டு முட்டை வந்து 24 மணி நேரத்துக்குமேல் மீதி வராமல் நின்றாலும் இதே கதைதான். ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் அன்றே கொண்டுபோங்கள். அவர் எக்ஸ்ரே எடுத்து, நீரேற்றி, இரத்தக் கால்சியம் குறைந்திருந்தால் கால்சியம் தருவார். ஆக்ஸிடோசின் ஊசி ஆமைகளுக்குக் கேட்கிற அளவுக்குப் பல்லிகளுக்குக் கேட்பதில்லை. முட்டை ஒட்டியிருந்தாலோ உருமாறியிருந்தாலோ அறுவை சிகிச்சைதான். முட்டையை வெளியே தள்ள வயிற்றை அழுத்துவது உள்ளேயே உடைத்துவிடும். அதன்பின் காப்பாற்றுவது கடினம். மருத்துவமனை போகும்வரை 30 டிகிரிப் பெட்டியில், இருட்டில் வையுங்கள்.

இட்ட முட்டை மஞ்சளாக, தளர்வாக, சிறுத்து இருக்கிறது

கூமுட்டை. ஒன்றிரண்டு என்றால் கணக்கில் எடுக்க வேண்டாம். ஓர் ஈட்டில் 5 முதல் 16 முட்டை வரலாம். முதல் முறை இடும் பெட்டைக்குப் பாதி கூமுட்டையாவது புதிதல்ல. எல்லாமே கூமுட்டை என்றால் குளிர் உறக்கம் நடந்ததா, ஆண் வயதுக்கு வந்ததா, கல்லின் வெப்பம் 48-க்குக் கீழே இருந்ததா, ஆண் அளவுமீறிக் கொழுத்ததா என்று அதே வரிசையில் கேளுங்கள். சந்தேகமான முட்டையை உடனே எறியாமல் தனிப் பெட்டியில் வைத்து, பத்தாம் நாள் இருட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள். இளஞ்சிவப்பு ஒளியும் நூல்போன்ற இரத்தக் குழாய்களும் தெரிந்தால் கரு உண்டு. ஒரே மஞ்சளாக ஒளி ஊடுருவினால் இல்லை.

முட்டை குழி விழுகிறது, பூஞ்சை பிடிக்கிறது, ஊதி வெடிக்கிறது

முதலில் எடுத்து வைத்த முறையைச் சரிபாருங்கள். கரண்டியாலும் தூரிகையாலும் மண்ணை விலக்கி, முட்டையின் மேற்பக்கத்தில் பென்சிலால் கோடிட்டு, அதே பக்கம் மேலே இருக்க வைத்திருக்க வேண்டும். முதல் நாளுக்குப் பிறகு கரு ஓட்டின் உட்புறம் ஒட்டிக்கொள்ளும். அப்போது உருட்டினால் இறக்கும்.

முட்டை வைக்கும் ஊடகம் வெர்மிகுலைட் என்ற, ஈரம் பிடித்து வைக்கும் கனிமத் துகள்; அது 100 கிராமுக்குத் தண்ணீர் 80 முதல் 100 கிராம். கண்ணளவு வேண்டாம், தராசில் நிறுங்கள். முட்டை பாதி புதைந்து, ஒன்றுக்கொன்று விரலிடை விட்டு இருக்கட்டும். மூடிய பெட்டியில் சிறு துளை இரண்டு போதும். பெட்டியை முட்டையோடு நிறுத்து எடையை மூடியில் எழுதுங்கள். முட்டை ஊடகத்திலிருந்து நீரை இழுத்துப் பருக்கும். ஆனால் பெட்டியின் மொத்த எடை மாறாது. மொத்த எடை குறைந்தால் அது ஆவியாகிப் போன நீர். குறைந்த கிராமை அதே வெப்பமுள்ள தண்ணீராகப் பெட்டியின் ஓரத்தில் ஊற்றுங்கள், முட்டைமேல் படக் கூடாது.

முதல் மாதத்தில் குழி விழுந்தால் வறட்சி. இந்த எடைக் கணக்கே அதைச் சரிசெய்யும். இரண்டாம் மாதக் கடைசியில் குழி விழுந்து மேலே வியர்வைத் துளி பூத்தால் பொரிக்கப்போகிறது, தொடாதீர்கள். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு கடைசி வாரத்தில் தண்ணீர் ஊற்றிக் குஞ்சை மூழ்கடிப்பவர்கள் இருக்கிறார்கள். தோல் கண்ணாடிபோல் இறுகி ஊதினால் ஈரம் அதிகம். ஈரம் குறைந்த வெர்மிகுலைட்டுக்கு மாற்றுங்கள். பூஞ்சை பெரும்பாலும் செத்த முட்டையில் தொடங்கி அடுத்ததற்குப் படரும். செத்ததை நீக்கி, நல்லதை உலர்ந்த பஞ்சால் துடைத்தால் போதும்.

முழு வளர்ச்சி அடைந்த குஞ்சு ஓட்டுக்குள்ளேயே இறக்கிறது

இன்குபேட்டரின் திரையை நம்பாமல் முட்டைப் பெட்டிக்குள் புரோப் வைத்துப் பாருங்கள். 30, 31 டிகிரி நல்லது. 29 முதல் 32 வரை பரவாயில்லை. அந்த வெப்பத்தில் இரண்டு முதல் மூன்று மாதத்தில் பொரிக்கும். 34-ஐத் தாண்டிச் சில மணி நேரம் நின்றாலே கடைசிக்காலக் குஞ்சுகள் சாகும்; பிழைத்தாலும் வால் கோணும், முதுகு வளையும்.

வளர்ப்பாளர்கள் தவறவிடுவது இதை: சூடேற்ற மட்டுமே தெரிந்த இன்குபேட்டர் அறை வெப்பத்துக்குக் கீழே இறங்காது. அரிசோனாவின் ஃபீனிக்ஸிலோ டூசானிலோ ஜூலை மாதக் கார் ஷெட்டில் வைத்தால் உள்ளே 31 என்று அமைத்தும் பயனில்லை. ஷெட் 40 என்றால் முட்டையும் 40 தான். ஏசி உள்ள அறைக்கு மாற்றுங்கள், அல்லது குளிரூட்டவும் தெரிந்த இன்குபேட்டர் வாங்குங்கள். மின்சாரம் சில மணி நேரம் போய் 24 டிகிரிக்கு இறங்கினால் பொரிப்பு தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

வெப்பம் சரி என்றால் காற்று. கடைசி மூன்று வாரம் முட்டைக்கு ஆக்சிஜன் தேவை கூடும். வாரத்துக்கு இரண்டு முறை மூடியைத் திறந்து விசிறுங்கள். அதுவும் சரி என்றால் தாயின் ஊட்டத்துக்குப் போங்கள்: ஓராண்டு தாண்டிய யுவிபி குழாய், கால்சியம் இல்லாத கீரை, தினமும் பழம்.

குஞ்சு வந்துவிட்டது, ஆனால் தின்னவில்லை

முதல் சில நாள் தின்னாது; வயிற்றில் மஞ்சள்கரு இருக்கிறது. தொப்புளில் மஞ்சள்கரு தொங்கினால் ஈர டிஷ்யூ விரித்த பெட்டியில் ஓரிரு நாள் இன்குபேட்டரிலேயே விடுங்கள், இழுக்காதீர்கள். பத்து நாள் தாண்டியும் வாய் வைக்கவில்லை என்றால் கல்லின் வெப்பம் 43 முதல் 45 இருக்கிறதா, ஒளிந்துகொள்ள ஒரு விரல் தடிப்பு இடுக்குகள் உண்டா என்று பாருங்கள். மறைவிடம் இல்லாத குஞ்சு பயத்திலேயே பட்டினி கிடக்கும். கடுகுக்கீரை, காலர்டு, டேண்டெலியன் இலைகளை அரிசி அளவுக்கு நறுக்கி, மேலே செம்பருத்தி இதழைத் தூவுங்கள். பளிச்சென்ற நிறம் இழுக்கும். முள் நீக்கிய சப்பாத்திக்கள்ளி மடலும் நல்லது. பாலக் வேண்டாம், அதிலுள்ள ஆக்சலேட் கால்சியத்தைக் கட்டிவிடும்.

இலையைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் குஞ்சின் குடலில் பிறவியிலேயே இருப்பதில்லை. வளர்ந்தவற்றின் எச்சத்தைக் கொறித்துத்தான் பெறும். ஒட்டுண்ணிச் சோதனையில் தேறிய பெரிய சக்வாலாவின் புது எச்சத்தில் ஒரு துண்டை முதல் இரண்டு வாரம் கூண்டில் போடுங்கள். சோதிக்காத எச்சம் வேண்டாம்.

ஒன்று பெருத்து மற்றவை சிறுத்தால் பெரியதைத் தனியே எடுங்கள். மூக்கைச் சுற்றி வெள்ளைப் பொடி தெரிந்தால் அது சுரப்பி வெளியேற்றும் உப்பு; மருந்து போட வேண்டியதில்லை.

முட்டையிட்ட பெட்டை தேறவில்லை

இட்ட அன்று தோல் பைபோல் தொங்கும், மூக்கில் மண் இருக்கும், எடை பெரிதும் இறங்கியிருக்கும். கைச்சூட்டுத் தண்ணீரில், பல்லியின் முழங்கை மூழ்கும் ஆழத்தில், கால்மணி நேரம் நிற்க விடுங்கள். பல அப்போதுதான் குடிக்கும். ஊறவைத்த பயறு, கள்ளி மடல், பூக்கள், கால்சியம் என்று ஒரு மாதம் தாராளமாகக் கொடுங்கள். ஆணை அருகில் விட வேண்டாம். இரண்டு வாரத்தில் எடை ஏறத் தொடங்காவிட்டால் உள்ளே முட்டை தங்கியிருக்கலாம், எக்ஸ்ரே எடுங்கள். அக்டோபரில் எடை போடும்போது சினைக்கு முந்தைய எடையை எட்டாத பெட்டையை அந்தக் குளிருக்கும் அடுத்த இணைசேர்க்கைக்கும் விடாமல் ஓராண்டு ஓய்வு கொடுங்கள். மழை பொய்த்த ஆண்டில் பாலைவனப் பெட்டைகளும் முட்டையிடாமல் விட்டுவிடுவது உண்டு.